டேடோனாவின் வெற்றியாளர்கள் – 3: முதல் ஐந்து ஆண்டுகள்

புளோரிடா மாகாணத்தின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலைகள் வந்து வந்து நனைத்து இறுக்கிய டேடோனா மணலின்மேல் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தையும், 1935ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயரான ஸர் மால்கம் காம்ப்பெல் அம்மணலில் மணிக்கு 276 மைல் வேகத்தை எட்டியதையும், அதன்பின் வேக சாதனையாளர்கள் யூட்டா மாகாணத்து உப்புவெளியை நாடிச் சென்றுவிட, கைவிடப்பட்ட கடற்கரையில் மறு ஆண்டே உள்ளூரார் சாதாரணக் கார்களின் பந்தயத்தைத் தொடங்கியதையும் முந்திய அத்தியாயங்களில் விவரித்தோம். பாதி மணலிலும் பாதி தார்ச்சாலையிலுமாக நடந்த அப்பந்தயங்களுக்குக் கடலே காலம் குறித்தது. அலை பின்வாங்கியபின் தொடங்கி, அது மீண்டும் ஏறி வருவதற்குள் முடித்தாக வேண்டும். 1936இல் நடந்த முதற்பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த பில் பிரான்ஸ் என்னும் நெட்டை மனிதர், அவ்வூரில் பெட்ரோல் நிலையம் நடத்திப் பிழைத்தவர். 1947 டிசம்பரில் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பந்தயக்காரர்களைக் கூட்டிப் பேசி, நாஸ்கார் என்னும் சங்கத்துக்கு வித்திட்டவரும் அவரே. விலைக்கு வாங்கும் குடும்பக் காரைப் பந்தயத்துக்கு ஏற்பத் திருத்தி ஓட்டும் விளையாட்டு, அச்சங்கத்தின் ஆதரவில் ஒழுங்கும் சட்டமும் பெற்றது.

கரையோரத்தில் விடுதிகளும் வீடுகளும் பெருகப் பெருக, மணற்பந்தயத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பதைப் பிரான்ஸ் முன்கூட்டியே உணர்ந்தார். ஊருக்கு மேற்கே, விமான நிலையத்தை அடுத்த சதுப்பு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, கடன்மேல் கடன் வாங்கி, இரண்டரை மைல் சுற்றளவுள்ள ஓடுபாதை ஒன்றை அவர் நிர்மாணித்தார். இந்தியானாபொலிஸ் பாதையின் வளைவுகள் ஒன்பது டிகிரியளவே சாய்ந்திருக்க, டேடோனாவின் வளைவுகள் 31 டிகிரி சாய்வுடன் மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு எழுந்து நின்றன. அச்சரிவில் தார் பரப்பும் யந்திரங்கள் தாமே நிற்கமாட்டாமல் சறுக்கியமையால், மேட்டின் உச்சியில் வேறு யந்திரங்களை நிறுத்தி, அவற்றோடு பிணைத்துத்தான் வேலையை முடிக்கவேண்டியிருந்தது. வளைவுகளை உயர்த்துவதற்காக மைதானத்தின் நடுவே தோண்டிய பள்ளம் நீர் நிரம்பி ஏரியாயிற்று. அவ்வேரி இன்றும் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்னரே அப்பாதை ஓர் உயிரைக் கொண்டது. கடற்கரைப் பந்தயத்தில் இருமுறை ஜெயித்த டேடோனா வாசியான மார்ஷல் டீக், வேக சாதனைக்கான முயற்சியில் 1959 பிப்ரவரி 11ஆம் தேதி அங்கே விபத்துக்குள்ளாகி மாண்டார்.

அதற்குப் பதினொரு நாட்களுக்குப் பின் தொடங்கியதுதான், இன்று உலகப் பிரசித்தி பெற்ற டேடோனா 500 என்னும் ஐந்நூறு மைல் பந்தயம். அதன் முதல் ஐந்து வெற்றியாளர்களின் சரித்திரத்தை வரிசையாக ஆராயும்போது, மனத்தில் ஓர் எண்ணம் தவிர்க்கமுடியாதபடி எழுகின்றது. வேகத்துக்கென்றே கட்டப்பட்ட இப்பாதையில், அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் அதிவேகமான கார் ஜெயித்தது. மற்ற நான்கு முறையும் ஜெயத்தை நிர்ணயித்தது வேறொன்று. அன்றியும், வெற்றிப் பட்டியலில் காணும் ஒவ்வொரு பெயரின் பின்னும், அப்பட்டியலில் இடம்பெறாத ஒருவனுடைய துரதிர்ஷ்டமோ தியாகமோ மறைந்து நிற்கின்றது. ஆதலால், வென்றவரை மாத்திரம் சொல்லி வரலாற்றை முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

1959 பிப்ரவரி 22ஆம் தேதி, நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கூடியிருக்க, 59 கார்கள் புறப்பட்டன. அவற்றுள் மேற்கூரை உள்ளவையும் இல்லாதவையும் கலந்திருந்தன. இத்தகைய பாதையில் இருநூறு சுற்றுகள் ஓடிய அனுபவம் அன்றைய தினம் ஒருவருக்கும் இல்லை. பெரும் விபத்துக்கள் நேரும் என்று அஞ்சியவர்கள் அநேகர். ஆனால் ஒரு முறைகூட மஞ்சள் கொடி காட்டப்படாமலே அந்த ஐந்நூறு மைல்களும் கடந்தன என்பது, இன்று நினைத்தாலும் நம்புதற்கு அரியதாகவே இருக்கிறது. கடுவேகத்தில் முந்தியவர்களின் யந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதுபட்டு ஒதுங்க, கடைசிக் கட்டத்தில் எஞ்சி நின்றவர்கள் இருவர். ஒருவர் வட கரோலினா மாகாணத்து லெவல் கிராஸ் கிராமத்தைச் சேர்ந்த லீ பெட்டி, ஓல்ட்ஸ்மொபில் காரை ஓட்டியவர். மற்றவர் அயோவா மாகாணத்து ஹார்லன் என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஜானி போஷாம், போர்டு தண்டர்பேர்டு காரை ஓட்டியவர். ஒருவரையொருவர் மாறி மாறி முந்திக்கொண்டு இருவரும் இறுதிக் கோட்டை நெருங்கிய அத்தருணத்தில், சுற்றுக் கணக்கில் பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் செவர்லேயும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வர, மூன்று கார்களும் ஒரே வரிசையில் கோட்டைத் தாண்டின.

கோட்டருகே நின்ற பிரான்ஸும் அவருடைய உத்தியோகஸ்தர்களும் போஷாமே முதலில் வந்ததாகக் கண்டார்கள். போஷாம் வெற்றிமேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கோப்பையும் வாழ்த்தும் பெற்றுக்கொண்டிருக்க, ஜெயித்தவன் தானே என்று லீ பெட்டி ஆட்சேபம் எழுப்பினார். கோட்டுக்கு நேரே இருந்த பத்திரிகைக்காரர்கள் சிலரும் அவ்வாறே எண்ணினார்கள். முடிவை நிறுத்திவைத்து, அத்தருணத்தில் எடுத்த புகைப்படமோ திரைப்படமோ வைத்திருப்பவர்கள் அனுப்பி உதவவேண்டும் என்று பிரான்ஸ் வேண்டுகோள் விடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்து சேர்ந்தன. கடைசியில் ஹெர்ஸ்ட் செய்திப்படக் கம்பெனியின் பிலிம் சந்தேகத்துக்கு இடமின்றி உண்மையைக் காட்டியது. பந்தயம் முடிந்து 61 மணி நேரம் கழிந்தபின், புதன்கிழமையன்று, லீ பெட்டி சுமார் இரண்டடி வித்தியாசத்தில் வென்றார் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. மூன்று நாட்களாக நாடெங்கும் பத்திரிகைகளில் டேடோனாவின் பெயர் அடிபட்டமையால், விளம்பரத்துக்காகவே பிரான்ஸ் காலம் தாழ்த்தினார் என்று கூறுவோர் அக்காலத்திலேயே இருந்தார்கள். தாமதத்தால் அவருக்கு லாபம் விளைந்தது மெய்யே. எனினும், தாமே அறிவித்த முடிவைத் தாமே மாற்றிக்கொள்ளும் மனம் அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு எளிதில் வருவதன்று. புதிதாய்ப் பிறந்த பந்தயத்தின் நியாயத்தில் ஜனங்களுக்கு நம்பிக்கை ஏற்பட்டதற்கு அந்த மூன்று நாட்களே அடிப்படையாயின என்பது என் அபிப்பிராயம்.

லீ பெட்டிக்கு அப்போது வயது நாற்பத்துநான்கு. முப்பத்தைந்து வயதுக்குமேல் இத்தொழிலில் இறங்கியவர். பந்தயம் அவருக்குப் பொழுதுபோக்கன்று, குடும்பத்தைக் காக்கும் ஜீவனோபாயம். காரை உடைக்காமல் ஓட்டி, கடைசிவரை களத்தில் நின்று, கிடைக்கவேண்டியதை ஒரு டாலர் குறையாமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே அவர் கொள்கை. அதே ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டா நகரத்து லேக்வுட் பாதையில் நடந்த ஒரு பந்தயத்தில், இருபத்தொரு வயதான அவருடைய மகன் ரிச்சர்டு முதலில் வந்ததாக அறிவிக்கப்பட்டது. இளைஞனின் வாழ்க்கையில் அது முதல் ஜெயம். இரண்டாவதாக வந்தவர் சுற்றுக் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதாக ஆட்சேபித்தார். கணக்கைச் சோதித்தபோது ஆட்சேபம் சரியென்றே கண்டது. ஜெயம் அவருக்கே மாற்றி வழங்கப்பட்டது. ஆட்சேபித்தவர் லீ பெட்டி. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வோரும் உண்டு. உழைத்துப் பெறாத ஜெயம் தன் மகனுக்கு வேண்டாம் என்று நினைத்த தகப்பன் என்றே நான் அவரைக் கருதுகிறேன்.

1960ஆம் ஆண்டின் வெற்றியாளர் ஜூனியர் ஜான்ஸன், முற்றிலும் வேறு வகையான மனிதர். வட கரோலினாவின் வில்க்ஸ் ஜில்லாவில், மலையடிவாரத்தில், அரசாங்கத்துக்கு வரி கட்டாமல் சோள மதுவைக் காய்ச்சி விற்ற குடும்பத்தில் பிறந்தவர். போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவி, விளக்கணைத்த காரில் இரவோடிரவாக மலைச்சாலைகளில் சரக்கை ஏற்றிச் சென்ற வாலிபத்தில்தான் அவர் கார் ஓட்டக் கற்றார். தகப்பனாரின் காய்ச்சும் அடுப்பருகே பிடிபட்டு, ஒஹையோ மாகாணத்துச் சிறையில் பதினோரு மாதம் இருந்து வந்தவர். முப்பது ஆண்டுகள் கடந்தபின், 1986 டிசம்பரில், ஜனாதிபதி ரீகன் அவருக்குப் பூரண மன்னிப்பு வழங்கினார்.

1960ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு, ரே பாக்ஸ் என்னும் மெக்கானிக், சில நாட்களே அவகாசம் இருக்க, அவசரம் அவசரமாகத் தயாரித்துக் கொடுத்த செவர்லே காரில் ஜான்ஸன் டேடோனாவுக்கு வந்தார். பரீட்சை ஓட்டத்திலேயே அவருக்கு உண்மை விளங்கிவிட்டது: பான்டியாக் கார்கள் மணிக்குப் பல மைல் வேகம் அதிகமானவை, நேர்மையான போட்டியில் அவற்றை எட்டிப் பிடிப்பது ஆகாத காரியம். அவ்வேளையில், பான்டியாக் ஒன்று தம்மைக் கடந்து செல்ல, அதன் பின்புறத்தை ஒட்டினாற்போல ஜான்ஸன் தம் காரைச் செலுத்திப் பார்த்தார். என்ன விந்தை! தம்முடைய கார் தன் சக்திக்கு மீறிய வேகத்தில் முன்காரோடு சமமாக ஓடிற்று. எதிர்க்காற்றில் நடப்பவன் முன்னே செல்லும் வைக்கோல் வண்டியின் மறைவில் ஒதுங்கிக்கொண்டால் எப்படிச் சிரமமின்றி நடப்பானோ, அப்படியே முன்கார் காற்றைப் பிளந்து செல்ல, அதன் பின்னே அழுத்தம் குறைந்த ஓர் இடைவெளி உண்டாகிப் பின்காரை இழுத்துச் செல்கிறது என்பதை அவர் அனுபவத்தால் கண்டுகொண்டார். பௌதிக சாஸ்திரம் படித்தவர் எவரும் அதை அவருக்குப் போதிக்கவில்லை.

பந்தய தினத்தில் 68 கார்கள் புறப்பட்டன. ஜான்ஸன் வேகமான கார்களின் பின்னே ஒட்டிக்கொண்டே சுற்றுகளைக் கழித்தார். முன்னே ஓடியவர்கள் யந்திரக் கோளாறால் ஒதுங்கியபோதெல்லாம் வேறொருவரின் நிழலைத் தேடிக்கொண்டார். ஏறக்குறைய பத்துச் சுற்றுகளே எஞ்சியிருக்கையில், முன்னணியில் சென்ற பாபி ஜான்ஸின் பான்டியாக்கில் பின்பக்கத்துக் கண்ணாடி காற்றின் விசையால் பெயர்ந்து பறக்க, கார் நிலைதடுமாறிச் சுழன்று பாதையை விட்டு விலகியது. ஜான்ஸன் அவரைக் கடந்து சென்று ஜெயித்தார். இன்று டேடோனாவில் நாற்பது கார்கள் ஒரே கூட்டமாக ஒட்டி ஓடுவதைக் காண்கிறோமே, அந்தக் கலைக்கு மூலபுருஷர் இவரே. அந்தக் கண்ணாடியின்மேலும் காற்றுத்தான் கை வைத்தது என்பதை எண்ணும்போது, அன்றைய தினத்தின் வெற்றி தோல்வி இரண்டையும் காற்றே வகுத்துக் கொடுத்ததாகத் தோன்றுகிறது.

1961ஆம் ஆண்டைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. மார்வின் பாஞ்ச் ஜெயித்தார். ஸ்மோக்கி யூனிக் என்ற மேதாவியான மெக்கானிக், தம்முடைய புதிய பான்டியாக்கை ஃபயர்பால் ராபர்ட்ஸிடமும், முந்திய ஆண்டின் பழைய காரைப் பாஞ்சிடமும் கொடுத்திருந்தார். பந்தயத்தின் பெரும்பகுதி ராபர்ட்ஸின் கையில் இருந்தது. 13 சுற்றுகளே பாக்கி என்ற நிலையில் அவருடைய யந்திரம் வெடித்துப்போக, பழைய கார் முந்தி வந்தது. அவ்வாண்டு மறக்கமுடியாததாய் இருப்பது, பிரதான பந்தயத்துக்கு முன் நடந்த தகுதிப் பந்தயங்களால்தான். ஒரே நாளில், முதற்பந்தயத்தில் ரிச்சர்டு பெட்டியின் காரும், இரண்டாவதில் அவர் தகப்பனாரின் காரும் பாதையின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தன. மகன் சிறு காயங்களோடு தப்பினார். லீ பெட்டி பலத்த காயமடைந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் சில பந்தயங்களுக்கே அவர் திரும்பி வந்தார். அவரோடு மோதி, அவரோடு கூடவே வெளியே பாய்ந்த மற்றொரு காரை ஓட்டியவர் யார்? இரண்டடி வித்தியாசத்தில் முதற்கோப்பையை இழந்த ஜானி போஷாமேதான். நாஸ்கார் பந்தயங்களில் அவர் பின்னர் ஓட்டவே இல்லை. ஒரே கோட்டில் நின்ற இருவரையும் ஒரே விபத்தில் விதி கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஃபயர்பால் என்று உலகம் அழைத்த கிளென் ராபர்ட்ஸ், புளோரிடாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்தைக் கடுவேகமாக எறிந்த இளமைக் காலத்தில் பெற்ற பட்டப்பெயர் அவரைவிட்டு நீங்கவில்லை. 1959இல் வெகு பின்வரிசையிலிருந்து புறப்பட்டுச் சில சுற்றுகளிலேயே முன்னணிக்கு வந்து, பெட்ரோல் பம்ப் பழுதானமையால் தோற்றார். 1961இன் தோல்வியை மேலே கண்டோம். 1961, 1962, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தகுதி ஓட்டத்தில் முதலிடம் அவருக்கே. அக்கால டேடோனாவில் மிகவும் வேகமானவர் எவர் என்று கேட்டால், எதிரிகளும் தயங்காமல் அவர் பெயரையே சொல்லியிருப்பார்கள். 1962இல் அதிர்ஷ்டம் அவர் பக்கம் திரும்பியது. முதலிடத்தில் புறப்பட்டு, தகுதிப் பந்தயத்தையும் வென்று, மணிக்கு 152 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஐந்நூறு மைல்களையும் கடந்து, இரண்டாவதாக வந்த ரிச்சர்டு பெட்டியை வெகு தூரம் பின்னிட்டு ஜெயித்தார். வேகத்துக்கு உரிய வெகுமதி வேகத்துக்கே கிடைத்த ஆண்டு அது ஒன்றுதான். இரண்டே ஆண்டுகளில், 1964 மே மாதம் சார்லட் நகரத்துப் பந்தயத்தில், முன்னே மோதிச் சுழன்ற ஜூனியர் ஜான்ஸன், நெட் ஜாரெட் ஆகியோரின் கார்களைத் தவிர்க்க முயன்றபோது, ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து தீப்பற்றிக்கொண்டது. ஜாரெட் தம் காரிலிருந்து குதித்து ஓடி அவரை வெளியே இழுத்தார். ஆயினும் தீக்காயங்களால் ஜூலை 2ஆம் தேதி ராபர்ட்ஸ் காலமானார். மோதினாலும் கிழியாத ரப்பர்ப் பை பொருத்திய பெட்ரோல் தொட்டிகள் பந்தயக் கார்களில் கட்டாயமானதற்கு, அந்த மரணமும் ஒரு முக்கிய காரணம்.

இனி, ஐந்து வெற்றிகளிலும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்த வெற்றியைச் சொல்லவேண்டும்.

1963 பிப்ரவரியில் டேடோனாவுக்கு வந்தவர்களுள் டைனி லண்ட் என்பவரும் ஒருவர். ஆஜானுபாகு, ஆறடி ஐந்து அங்குல உயரம், அதற்கேற்ற கனம். போஷாமின் ஊராகிய அதே ஹார்லனில் பிறந்தவர். நாஸ்காரின் உயர்தரப் பந்தயத்தில் அதுவரை ஒரு முறைகூட வெற்றி கண்டிராத அவருக்கு, ஓட்டுவதற்கு ஒரு காரும் இல்லை. யாராவது கொடுக்கமாட்டார்களா என்ற நம்பிக்கையோடு வந்திருந்தார். பிப்ரவரி 14ஆம் தேதி, 1961ஆம் ஆண்டின் வெற்றியாளரான பாஞ்ச், வேறொரு பந்தயத்துக்காகப் போர்டு யந்திரம் பொருத்திய மாஸராட்டி காரைச் சோதித்துக்கொண்டிருக்கையில், அது கவிழ்ந்து தலைகீழாக விழுந்து தீப்பற்றியது. அக்காரின் கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் தன்மையன. தலைகீழாகக் கிடக்கையில் உள்ளிருப்பவன் வெளியே வர வழியே இல்லை. லண்டும் வேறு நால்வரும் ஓடிச் சென்று, எரியும் காரைக் கைகளால் தூக்கிப் பிடிக்க முயன்றார்கள். பெட்ரோல் தொட்டி வெடித்துச் சுவாலை எழ, அனைவரும் பின்வாங்க நேர்ந்தது. மறுபடியும் நெருங்கிக் காரைத் தூக்கினார்கள். லண்ட் பாஞ்சின் காலைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டார். அந்த ஐவருக்கும் பின்னர் கார்னெகி வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

பாஞ்ச் அவ்வாண்டு ஓட்டவேண்டியிருந்தது வர்ஜீனியா மாகாணத்து ஸ்டூவர்ட் ஊரைச் சேர்ந்த வுட் சகோதரர்களின் 21ஆம் எண் போர்டு காரை. தம் இடத்தை லண்டுக்குக் கொடுக்கவேண்டும் என்று, தீக்காயங்களோடு படுக்கையில் இருந்தபடியே அவர் கேட்டுக்கொண்டார். கிளென், லெனார்ட் என்னும் அச்சகோதரர்கள், காரை நிறுத்தி டயர் மாற்றிப் பெட்ரோல் நிரப்பும் வேலையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள். எவ்வளவு விரைவில் நிரப்புவது என்பதைப்போலவே, எத்தனை முறை நிறுத்தாமல் இருப்பது என்பதையும் அவர்கள் கணக்கிட்டார்கள். லண்ட் அக்கணக்கை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். முன்கார்களின் பின்னே ஒட்டி ஓடிப் பெட்ரோலை மிச்சப்படுத்தினார். டயர்களை மாற்றாமலே ஐந்நூறு மைலும் ஓட்டினார். மற்றவர்கள் ஐந்து முறை நின்றபோது, அவர் நான்கே முறை நின்றார். இறுதிச் சுற்றுகளில் முன்னணியில் இருந்த ஃப்ரெட் லாரன்ஸனும் நெட் ஜாரெட்டும் பெட்ரோலுக்காக ஒருவர்பின் ஒருவராக ஒதுங்க, லண்ட் நிற்காமல் ஓடிக் கோட்டைத் தாண்டினார். தொட்டியில் அப்போது பெட்ரோல் வற்றிப்போயிருந்தது.

இதைக் கதையாக எழுதியிருந்தால், இவ்வளவு பொருத்தம் இயற்கையன்று என்று வாசகர்கள் தள்ளிவிட்டிருப்பார்கள். ஆனால் லண்டின் வெற்றியை நன்றிக்கடன் என்று மாத்திரம் சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. பாஞ்ச் கொடுத்தது ஆசனம். ஆசனத்தில் அமர்ந்தபின் கடைசி மைல் வரை பொறுமையோடு பெட்ரோலைக் காத்தது லண்டின் கலை. காலை அழுத்தி வேகமாகச் செல்வதைவிட, முந்தக்கூடிய தருணத்தில் முந்தாமல் இருப்பது பந்தயக்காரனுக்குப் பெருஞ்சோதனை. ஒரு வெற்றியும் காணாத ஒருவன் அச்சோதனையில் தேறியதுதான் எனக்குப் பேராச்சரியமாக இருக்கிறது. பாஞ்ச் குணமடைந்து மறுபடியும் கார் ஓட்டி வெற்றிகளும் பெற்றார். லண்ட் 1975இல் அலபாமா மாகாணத்து டாலடேகா பாதையில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார்.

1963ஆம் ஆண்டுப் பந்தயத்தில் முதல் ஐந்து இடங்களையும் போர்டு கார்களே கைப்பற்றின. எதிர்க்கம்பெனியாகிய கிரைஸ்லரில் அது பெரும் கலக்கத்தை விளைவித்தது. அரைக்கோள வடிவமான எரியறைகளைக் கொண்ட புதியதொரு யந்திரத்தை அக்கம்பெனியின் பொறியாளர்கள் சில மாதங்களில் இரவு பகலாக உருவாக்கி, அடுத்த பிப்ரவரிக்குள் டேடோனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது பொருத்திய பிளிமத் காரில் அமர்ந்து, 200 சுற்றுகளில் 184 சுற்றுகள் முன்னணியில் நின்று ஜெயித்தவர், லேக்வுட்டில் தகப்பனாரின் ஆட்சேபத்தால் முதல் ஜெயத்தை இழந்த ரிச்சர்டு பெட்டி. டேடோனா 500 பந்தயத்தில் அவர் பெற்ற ஏழு வெற்றிகளுள் முதலாவதான அதை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.